ரொறன்ரோவிலிருந்து வந்த கசெட்டுகளும் பம்பலப்பிட்டியில் வாங்கிய கப்சர் கருவியும்

கொழும்பில் வெளிநாட்டு உறவுள்ள தமிழ் வீடுகள் பலவற்றில், அலுமாரியின் மேல்தட்டிலோ கட்டிலுக்கு அடியில் உள்ள சூட்கேசிலோ, வி.எச்.எஸ் கசெட்டுகள் ஒரு கட்டாவது கிடக்கும். 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் ஆகிய இடங்களிலிருந்து ஆட்கள் வரும்போது கொடுத்து விடப்பட்ட கலியாண வீடுகளும் சாமத்திய வீடுகளும் பிறந்தநாள்களும் அவற்றில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் இருப்பவற்றில் அநேகமானவை கனடாக் கசெட்டுகள். அவற்றைக் கணினியில் ஏற்றுவதற்கென்று பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் உள்ள ஒரு கடையில் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய யுஎஸ்பி வீடியோ கப்சர் கருவியைப் பற்றியதே இம்மதிப்புரை. ஆனால் இதில் பாதிக்குமேல் கசெட்டை ஓட்டும் டெக்கைப் பற்றியே பேச வேண்டியுள்ளது. வெளிநாட்டு முறையில் பதிவான கசெட்டைப் பொறுத்தவரை, கருவி நன்றாக வேலை செய்யுமா இல்லையா என்பதை அதற்கு முன்னால் நிற்கும் டெக்தான் தீர்மானிக்கிறது. இதைக் கடையில் எவரும் சொல்வதில்லை.

இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஆரம்பிக்கப்பட்ட பின்னர் இங்கு நிலைபெற்றது 'பால்' முறையாகும். அதில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். ஒரு விநாடிக்கு 25 படங்கள். கனடாவும் அமெரிக்காவும் பின்பற்றிய என்ரிஎஸ்சி முறையில் 525 கோடுகளும் விநாடிக்கு 29.97 படங்களும் உள்ளன. நிறத்தைச் சுமந்து வரும் துணை அலையும் வேறு: அங்கே 3.58 மெகாஹேட்ஸ், இங்கே 4.43. வேறுபாடு கசெட்டின் நாடாவிலேயே பதிந்திருக்கிறது. என்ரிஎஸ்சி டெக்கில் நாடாவை வாசிக்கும் தலையுருளை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1800 தடவை சுழல்கிறது. பால் டெக்கினுடையது 1500 தடவை. நாடா நகரும் வேகமும் ஒன்றல்ல. சாதாரண எஸ்பி வேகத்தில் என்ரிஎஸ்சி நாடா விநாடிக்கு 33.35 மில்லிமீற்றரும் பால் நாடா 23.39 மில்லிமீற்றரும் ஓடுகின்றன. ஆகவே பால் மட்டும் தெரிந்த டெக்கில் கனடாக் கசெட்டைப் போட்டால், படம் கிழிந்து உருளும். நாதஸ்வரம் தாழ்ந்து இழுபடும். கணினியில் எந்த மென்பொருளை நிறுவினாலும் இந்தக் குறை தீராது, ஏனெனில் நாடாவில் உள்ளது சரியாக வாசிக்கப்படவே இல்லை.

எனவே முதல் தேவை பல முறைகளையும் வாசிக்கும் 'மல்ரி சிஸ்டம்' டெக். புதிதாக வாங்க வழியில்லை; வி.எச்.எஸ் டெக் தயாரிப்பதை ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. ஆயினும் இந்த விடயத்தில் கொழும்பு ஓரளவு அதிர்ஷ்டமுள்ள நகரம். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த டெக்குகளில் பல, அந்தச் சந்தைக்கென்றே பல முறைகளுக்கும் ஏற்பச் செய்யப்பட்டவை. அவை இன்றும் பழைய பொருள் விளம்பரங்களிலும் திருத்தும் கடைகளின் பின்தட்டுகளிலும் அகப்படுகின்றன. வாங்குமுன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதும், இறப்பர்ப் பட்டிகள் இளகியிருக்கும் என்பதும் அனைவரும் அறிந்ததே. அறியப்படாத விடயம் ஒன்று உண்டு. அதற்காகவே இம்மதிப்புரையை எழுத நினைத்தேன்.

மல்ரி சிஸ்டம் என்று எழுதப்பட்ட டெக்குகள் எல்லாம் என்ரிஎஸ்சி கசெட்டை ஒரே விதமாக வெளியே தருவதில்லை. சில டெக்குகள் நாடாவில் உள்ளபடியே, 3.58 நிற அலையுடன், உண்மையான என்ரிஎஸ்சியாகத் தருகின்றன. சில, 525 கோடுகளையும் விநாடிக்கு ஏறக்குறைய 60 அரைப்படங்களையும் (ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாகவே வருகிறது) அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மாத்திரம் 4.43க்கு மாற்றுகின்றன. இன்னும் பல, அந்த நிறத்தைப் பால் முறையிலேயே கட்டி, 'பால் 60' எனப்படும் ஒரு கலப்பினத்தைத் தருகின்றன. இந்தக் கலப்பினம் எந்த நாட்டு ஒளிபரப்புக்கும் உரியதல்ல. பால் தொலைக்காட்சிப் பெட்டியை ஏமாற்றிப் படம் காட்டுவதற்காகவே உண்டாக்கப்பட்டது. 90களின் தொலைக்காட்சிப் பெட்டிகள் பெரும்பாலும் இதைக் குறைசொல்லாமல் ஏற்றுக்கொண்டன. மலிவான கப்சர் கருவி அவ்வளவு பெருந்தன்மை உடையதல்ல. 525 கோடுகளைக் கண்டதும் இது என்ரிஎஸ்சி என்று முடிவு செய்து 3.58இல் நிறத்தைத் தேடுகிறது, காணாமல் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுக்கிறது.

கருவியை விற்ற இளைஞர், "ரிவியில தெரிஞ்சா கொம்பியூட்டர்லயும் தெரியும் அண்ணா" என்று உறுதி கூறினார். சாதாரண இலங்கைக் கசெட்டுக்கு அது உண்மை. கனடாக் கசெட்டுக்கு அந்த வாக்கியமே பொறி. வெள்ளவத்தையில் இன்றும் டெக் திருத்தும் ஒரு பெரியவர் சொன்னது வேறு: "தம்பி, முன்னுக்கோ பின்னுக்கோ சின்னதா ஒரு சிஸ்டம் சுவிச் இருக்கும். அதை முதல் பாருங்கோ, பிறகு காசைக் குடுங்கோ." அவர் குறிப்பிட்டது, என்ரிஎஸ்சி 3.58, என்ரிஎஸ்சி 4.43, பால் தொலைக்காட்சியில் என்ரிஎஸ்சி என்று வெளியீட்டைத் தெரிவு செய்யும் சுவிச்சை. சில டெக்குகளில் அது முகப்பின் மூடிக்குள் மறைந்திருக்கும். 3.58 என்ற தெரிவு உள்ள டெக் கிடைத்தால், வேறு குறைகள் இருப்பினும் அதையே வாங்குங்கள். பனசொனிக்கின் என்வி டபிள்யூ1, சாம்சுங்கின் எஸ்வி 5000 டபிள்யூ போன்ற, உள்ளேயே முறையை மாற்றித் தரும் டெக்குகளும் இருந்தன; ஆனால் அந்த மாற்றத்தைக் கணினிப் பதிவுக்குப் பயன்படுத்தக் கூடாது, ஏன் என்பதைப் பின்னர் கூறுகிறேன்.

இனிக் கருவிக்கு வருவோம். பெட்டியில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. பெருவிரல் அளவான கறுப்புப் பிளாஸ்ரிக் உடல், அதிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறச் செருகிகளும் ஓர் எஸ் வீடியோத் துளையும். இதே உருவில் வரும் கருவிகளுக்குள் வெவ்வேறு சில்லுகள் இருப்பது வழக்கம். சின்டெக், எம்பியா, சோமாஜிக், ஃபூஷிகாய் என்று ஒரே முகமூடிக்குள் பல ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியது நன்றாக வேலை செய்கிறது என்பது நீங்கள் வாங்கப் போவதற்கு உத்தரவாதம் அல்ல. நான் வாங்கியதில் சின்டெக் சில்லு இருந்தது. டிரைவர் ஒரு சிறிய இறுவட்டில் வருகிறது. இன்றைய மடிக்கணினிகளில் இறுவட்டுப் போட இடமே இல்லை என்பது செய்தவர்களுக்குத் தெரியவில்லை போலும். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இத்தொல்லை குறைவு, இந்தச் சில்லுக்கான டிரைவர் அதன் கேர்னலுக்குள்ளேயே உள்ளது. டிரைவரே தேவையில்லை என்று விற்கப்படும் புதிய வகைகளும் கடைகளில் உண்டு. அவற்றில் சில படத்தைத் தாமே சுருக்கிவிட்டுத்தான் கணினிக்கு அனுப்புகின்றன என்பதால் அவற்றை நான் விரும்பவில்லை.

பதிவுக்குப் பெரிய வித்தைகள் எவையும் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் வேர்ச்சுவல்டப், ஓபிஎஸ் ஸ்ரூடியோ ஆகிய இரண்டு மென்பொருள்களில் ஒன்று போதும். எதை எடுத்தாலும், கருவியின் அமைப்புகளுக்குள் 'வீடியோ டிகோடர்' என்றொரு பக்கம் திறக்கும். இந்தக் கருவியின் பெறுமதி முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே என்ரிஎஸ்சி எம், என்ரிஎஸ்சி எம் ஜே, என்ரிஎஸ்சி 433, பால் பி, பால் 60, சீகாம் என்று ஒரு நீண்ட பட்டியல் தோன்றுகிறது. பட்டியலில் பெயர் இருப்பதால் சில்லுக்கு அது தெரியும் என்று பொருளல்ல. பெயர்கள் விண்டோஸின் பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. பெரியண்ணாவின் ரொறன்ரோக் கலியாணக் கசெட்டை ஓடவிட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். டெக்கின் சுவிச் 3.58இலும் கருவி என்ரிஎஸ்சி எம்மிலும் இருந்தபோது, அண்ணியின் கூறை அதற்குரிய கடும் அரக்குச் சிவப்பாகவும், மண்டபத்து மின்விளக்குகள் மஞ்சளாகவும், மூலையில் கமெரா பொறித்த திகதி தெளிந்த வெள்ளையாகவும் வந்தன. டெக்கின் சுவிச்சைப் பால் 60க்குத் தள்ளியதும் கூறை சாம்பலாகிவிட்டது. கருவியிலும் பால் 60ஐத் தெரிவு செய்தபோது நிறம் திரும்பியது, ஆனால் முகங்களில் ஒரு பச்சைச் சாயலும் கூறையின் விளிம்புகளில் ஊரும் புள்ளிகளும் கூடவே வந்தன. முதலாவது சேர்க்கைதான் உகந்தது, மற்றவை அவசரத்துக்கு.

கறுப்பு நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. வட அமெரிக்க என்ரிஎஸ்சியில் கறுப்பின் மட்டம் சுழியத்திலிருந்து 7.5 அலகு உயர்த்தி வைக்கப்பட்டது. ஜப்பானிய என்ரிஎஸ்சியிலும் பாலிலும் அந்த உயர்வு இல்லை. ஆகவே பட்டியலில் எம் ஜே என்ற ஜப்பானிய வகையைத் தெரிவு செய்தால் கனடாக் கசெட்டின் கறுப்புகள் புகை படிந்தவைபோல் தெரியும். அதைவிட இக்கருவியின் பெரிய குறை வெள்ளையில் இருக்கிறது. அக்காலத்து வீடியோக்காரர்கள் மணவறைக்கு நேரே பிடித்த பெருவெளிச்சத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி ஏற்கெனவே நெற்றியைச் சுருக்க வைக்கும் வெள்ளை. கருவியின் ஆரம்ப அமைப்பு அதை மேலும் உயர்த்தி, மடிப்புகளே இல்லாத ஒரு வெள்ளைத் தகடாக வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட வெள்ளையைப் பின்னர் எந்தத் தொகுப்பு மென்பொருளாலும் மீட்க முடியாது. பதிவுக்கு முன்னரே அமைப்புகளில் பிரகாசத்தையும் மாறுபாட்டையும் சற்றுக் குறைத்துக்கொண்டால், வேட்டியின் மடிப்பும் கரையும் திரும்பித் தெரிகின்றன. திரையில் படம் மங்கலாகத் தோன்றும். தோன்றட்டும், அதைப் பிறகு சரிசெய்யலாம்.

ஒலி குறித்தும் ஒரு முறைப்பாடு உண்டு. மடிக்கணினியை மின்னேற்றியுடன் இணைத்து வைத்திருந்தபோது மெல்லிய இரைச்சலும், படத்தில் மேல்நோக்கி ஊரும் சாம்பல் பட்டைகளும் வந்தன. மின்னேற்றியைக் கழற்றி மின்கலத்தில் ஓட்டியதும் இரண்டும் மறைந்தன. ஆனால் இரண்டு மணித்தியாலக் கசெட் முடியும்வரை தாக்குப்பிடிக்கும் மின்கலம் வேண்டும். ஒலியைத் தனியே கணினியின் மைக் துளைக்குள் கொடுக்கலாம் என்று ஆலோசனை கூறுபவர்கள் உள்ளனர். அப்படிச் செய்தால் படத்தின் கடிகாரமும் ஒலியின் கடிகாரமும் வெவ்வேறாகி, கசெட்டின் முடிவில் வாயசைவும் பேச்சும் பொருந்தாமல் போகக்கூடும். கருவியின் ஒலியையே பயன்படுத்துவது நல்லது.

பழைய நாடாவிலிருந்து வரும் சமிக்ஞை நேராக வருவதில்லை. கோடுகள் ஒன்றுக்கொன்று சிறிது முந்தியும் பிந்தியும் வருகின்றன. தொலைக்காட்சிப் பெட்டி அதைப் பொறுத்துக்கொள்ளும்; கப்சர் கருவி படங்களை நழுவவிடும். வேர்ச்சுவல்டப் நழுவிய படங்களின் எண்ணிக்கையைப் பதிவின்போதே காட்டுகிறது, அந்த எண்ணில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். சிலவேளைகளில் இந்தத் தள்ளாட்டத்தை நகல் தடுப்புச் சமிக்ஞை என்று தவறாக எண்ணி, வீட்டுக் கசெட்டையே சில கருவிகள் பதிய மறுப்பதும் உண்டு. இதற்கு எளிய மருந்து, டெக்குக்கும் கருவிக்கும் இடையில் ஒரு பழைய டிவிடி ரெக்கோடரை நிறுத்துவது. அதில் எதையும் பதிய வேண்டியதில்லை. சமிக்ஞை அதனூடாகப் போய் வரும்போதே கோடுகள் ஒழுங்காகிவிடும். பனசொனிக்கின் டிஎம்ஆர் இஎஸ்10, இஎஸ்15 ஆகியவை இந்த வேலைக்குப் பெயர்பெற்றவை. சாமத்திய வீட்டுக் கசெட் ஒன்றின் மேல்விளிம்பில் படம் கொடிபோல வளைந்துகொண்டிருந்தது; இடையில் ரெக்கோடர் வந்ததும் அது நிமிர்ந்தது. கருவிக்குக் கொடுத்த பணத்தைவிட இது அதிக பயன் தந்தது என்றே சொல்வேன்.

இனி, முறை மாற்றம் பற்றி. கொழும்பில் இன்றும் கசெட்டுகளை டிவிடியாக்கித் தரும் ஸ்ரூடியோக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் கனடாக் கசெட் ஒன்றைக் கொடுத்தபோது, படமும் நிறமும் சரியாக இருந்த ஒரு டிவிடி கிடைத்தது. ஆனால் கமெரா மண்டபத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் திரும்பும்போதெல்லாம் காட்சி சீராக நகராமல் தடுக்கித் தடுக்கி ஓடியது. காரணம், இலங்கையில் பார்ப்பதற்கென்று அதைப் பாலாக மாற்றிவிட்டார்கள். விநாடிக்கு ஏறக்குறைய 30 ஆக இருந்த படங்களை 25 ஆக்கும்போது ஐந்து படங்கள் எங்கோ போக வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டி மட்டுமே இருந்த காலத்தில் இந்த மாற்றம் தவிர்க்க முடியாதது. கணினிக்கும் கைப்பேசிக்கும் இப்போதைய தொலைக்காட்சிகளுக்கும் 29.97 ஒரு பொருட்டே அல்ல. கனடாக் கசெட்டைக் கனடாக் கசெட்டாகவே, 720க்கு 480 என்ற அளவில், 29.97 வேகத்தில் பதிய வேண்டும். பால் முறையிலான லண்டன் கசெட் என்றால் 720க்கு 576, வேகம் 25. முறையை மாற்றித் தரும் டெக்குகளின் அந்த வசதியை அணைத்து வைக்கச் சொன்னதும் இதனால்தான்.

சுருக்காமல் பதிந்தால் இரு முறைகளிலும் விநாடிக்கு ஏறக்குறைய 20.7 மெகாபைட், அதாவது மணித்தியாலத்துக்கு 75 கிகாபைட் அளவில் இடம் பிடிக்கும். ஹஃப்யுவ் போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் அது பாதியளவாகக் குறையும். அந்த மூலப் பதிவை ஒரு வெளி ஹாட் டிஸ்க்கில் வைத்துவிட்டு, பார்ப்பதற்கும் வட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் தனியே சிறிய பிரதிகளைச் செய்யலாம். அரைப்படங்களை இணைக்கும்போது விநாடிக்கு 59.94 முழுப் படங்களாக விரித்துக்கொள்ளுங்கள். ஓபிஎஸ்ஸில் யாடிஃப் 2எக்ஸ் என்ற தெரிவு அதைச் செய்கிறது. நடனமும் ஊர்வலமும் அப்போதுதான் கசெட்டில் இருந்த ஓட்டத்தோடு தெரியும். படத்தின் அடியில் துடிக்கும் ஒரு மெல்லிய கீற்று வரும். அது பழுதல்ல, டெக்கின் தலைகள் மாறும் இடம். பழைய தொலைக்காட்சிகளின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தது, கணினியில் வெளியே வந்துவிட்டது. கறுப்பால் மூடிவிடலாம்.

கசெட்டின் நிலை பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைக் காற்றில் வருடக்கணக்காக இருந்த கசெட்டின் சாளரத்தினூடே வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் மேல் வெள்ளைத் தூள் அல்லது நூல்போன்ற படலம் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போட்டால் தலைகளை அடைத்துவிடுவதோடு, அடுத்த கசெட்டுக்கும் தொற்றிக்கொள்ளும். துப்புரவாக்கும் வரை ஒதுக்கி வையுங்கள்.

எட்டு மில்லிமீற்றர் கமெராக் கசெட்டுகளைப் பொறுத்தவரை தேடலே வேண்டாம். கனடாவில் அதைப் படம்பிடித்த கமெரா இன்னும் ஓடுமானால் அதையே கொண்டுவரச் சொல்லுங்கள். அது தருவது எப்போதும் உண்மையான என்ரிஎஸ்சி, கருவியோடு தகராறின்றிப் பொருந்துகிறது. கமெராக்களின் மின்னேற்றி அநேகமாக 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும், ஆயினும் அதில் எழுதியிருப்பதை வாசித்த பிறகே செருகுங்கள். கனடாவிலிருந்து டெக்கையே யாராவது கொண்டுவந்தால் அது 120 வோல்ற்றுக்கு உரியது. இங்குள்ள 230ஐக் குறைத்துத் தரும் மின்மாற்றி இல்லாமல் செருகினால் அன்றோடு அதன் கதை முடிந்துவிடும்.

ஆக, இந்தக் கருவியை வாங்கலாமா? 3.58 தரும் டெக் கையில் இருந்தால், வாங்கலாம்; வெள்ளையைத் தணித்து வைத்தால் வி.எச்.எஸ் நாடாவில் உள்ள 240 கோடுகள் அளவிலான விவரத்தை எடுப்பதற்கு இது போதும். பணம் சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தவர்கள் ஹோப்போஜ் நிறுவனத்தின் யுஎஸ்பி லைவ் 2ஐ வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொல்லி எடுக்கலாம். என்ன சில்லு வரும் என்ற சூதாட்டமாவது அதில் இல்லை. பால் 60 மட்டும் தரும் டெக் உள்ளவர்கள், கடைக்கு டெக்கையும் கசெட்டையும் எடுத்துச் சென்று, நிறம் வருகிறதா என்று கடைக்காரரின் கணினியிலேயே பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். டெக்கே இல்லாதவர்கள் கருவியை முதலில் வாங்குவதில் பயனில்லை.

பாரிஸ் கசெட்டுகள் இருப்பவர்களுக்கு இன்னுமொரு சொல். பிரான்சின் சீகாம் முறையில் பதிவான கசெட் இங்குள்ள பால் டெக்கில் நன்றாகவே ஓடும், ஏனெனில் கோடுகளும் படவேகமும் ஒன்றுதான்; ஆனால் நிறமின்றி ஓடும். கருவியின் பட்டியலில் உள்ள சீகாமைத் தெரிவு செய்வதால் எதுவும் மாறாது, நிறம் டெக்கிலேயே தொலைந்துவிட்டது. மத்திய கிழக்கிலிருந்து வந்த டெக்குகளில் எழுதியுள்ள 'மீசீகாம்', பெயரில் நெருங்கினாலும் பிரெஞ்சுப் பதிவுக்குரியது அல்ல. எங்களிடம் அப்படி இருந்த ஒன்றைப் பாரிஸிலுள்ள சித்தப்பாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். அங்கத்தைய டெக்கில் ஓட்டி, கோப்பாக அனுப்பும்படி கேட்டிருக்கிறோம்.